பீட்டா தடுப்பி மருந்துகள்: செயல்முறையும் மருத்துவப் பயனும் (கெடா மாநிலத் தமிழரை முன்வைத்து ஒரு விளக்கம்)

முன்னுரை

கெடா மாநிலத்தின் கோல மூடா, கூலிம் மாவட்டங்களில் இரப்பர்த் தோட்டங்களை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்களில் குடியேறின. வாழ்க்கை மாறியதோடு நோயும் மாறியது. தொடக்ககாலத் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் உயிர்களைப் பறித்தன. இன்று இரத்த அழுத்தமும் நீரிழிவும் மாரடைப்பும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்த இந்தியருள் 31.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். நாட்டின் மொத்த அளவோ 18.3 விழுக்காடுதான்.

இந்நோயாளருள் பலர் உட்கொள்ளும் மாத்திரைகளுள் ஒன்று பீட்டா தடுப்பி. எத்தனை மாத்திரை, எந்த வேளை என்பதை உறையில் எழுதியுள்ள குறிப்பு தெரிவிக்கும். ஏன் என்பதைத் தெரிவிக்காது. காரணம் அறியாதவர் மருந்தைத் தாமாகவே நிறுத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடும். எனவே, இம்மருந்து செயற்படும் நெறியைத் தமிழில் விளக்க இக்கட்டுரையில் முற்படுகிறோம். அந்நெறி ஒன்றை அறிந்துகொண்டால் அதன் பயனும் தீங்கும் எளிதில் விளங்கும் என்பதே நமது கருத்து.

கண்டுபிடிப்பின் வரலாறு

அட்ரினலின் என்னும் சுரப்பு, உடலின் ஓரிடத்தில் ஒருவகையாகவும் வேறிடத்தில் வேறுவகையாகவும் செயற்படுவது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அச்சுரப்பை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும் என்ற விளக்கத்தை 1948இல் அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் வெளியிட்டார். தொடக்கத்தில் இதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

இக்கருத்திலிருந்து மருந்தொன்றை உருவாக்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் (1924–2010). மலேசியர் பலரும் அறியாத செய்தி ஒன்று இவர் வாழ்வில் உண்டு. மாணவப் பருவத்தில் பட்ட கடனை அடைப்பதற்காக 1947 முதல் 1950 வரை அவர் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்க்கு உடலியங்கியல் கற்பித்தார். அக்காலத்திலேயே, 1949இல், அங்கிருந்த மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பின்னாளில் இந்திய ஆய்வியல் துறைக்கு இடமளித்ததும் அப்பல்கலைக்கழகமே.

நாடு திரும்பிய பிளாக், 1958இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார். நெஞ்சுவலி நோயாளியின் இதயத்திற்கு உயிர்வளியை மிகுதியாகச் செலுத்த முயல்வதைவிட, இதயத்தின் உயிர்வளித் தேவையைக் குறைப்பதே தக்க வழி என்று அவர் கருதினார். இதன் பயனாக 1960களின் நடுப்பகுதியில் ப்ரோப்ரானோலோல் பயன்பாட்டுக்கு வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

செயற்படும் முறை

பால்வெட்டச் செல்பவர் விடியற்காலையில் நிரையில் பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது; கை நடுங்குகிறது; மூச்சுக்குழாய் விரிகிறது. பரிவு நரம்புகள் வெளிவிடும் நோர்அட்ரினலினும் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலினும் உயிரணுக்களின் ஏற்பிகளில் சென்று அமர்வதே இதற்குக் காரணம். ஏற்பியை ஓர் இருக்கையாகக் கொண்டால், பீட்டா தடுப்பி அவ்விருக்கையில் முன்னரே அமர்ந்து, அட்ரினலினுக்கு இடங்கொடாத பொருள் எனலாம்.

பீட்டா ஏற்பிகளுள் மூவகை உண்டு. அவற்றுள் இரண்டு இங்கு இன்றியமையாதவை. பீட்டா-1 ஏற்பிகள் பெரிதும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் உள்ளன. அவை தடுக்கப்படும்போது இதயத்துடிப்பின் விரைவும் சுருங்கும் விசையும் குறைகின்றன. இரத்த அழுத்தத்தை உயர்த்தத் துணைபுரியும் ரெனின் சுரப்பும் தணிகிறது. பீட்டா-2 ஏற்பிகள் மூச்சுக்குழாயிலும் இரத்தக் குழாய்களிலும் உள்ளன. அவை தடுக்கப்படுமாயின் மூச்சுக்குழாய் சுருங்கும்.

ப்ரோப்ரானோலோல் இருவகை ஏற்பிகளையும் தடுக்கிறது. அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல் ஆகியவை பீட்டா-1 ஏற்பியையே முதன்மையாக நாடுகின்றன. எனினும் அளவு கூடினால் இவ்வேறுபாடு மங்கிவிடும். கார்வெடிலோல் ஆல்பா ஏற்பியையும் தடுத்து இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. இப்பெயர்கள் யாவும் 'லோல்' என முடிவதை நோக்குக. உறையிலுள்ள மருந்து எவ்வினத்தது என்பதை அறிய இவ்வீறு எளிய அடையாளமாகும்.

மருத்துவப் பயன்கள்

நெஞ்சுவலி, இதயத்துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவற்றிற்கு இம்மருந்துகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இதயச் செயலிழப்பைப் பொறுத்தவரையில் மருத்துவ உலகின் கருத்து முற்றிலும் மாறியுள்ளது. தளர்ந்த இதயத்தை இம்மருந்து மேலும் தளர்த்தும் என்று முன்பு அஞ்சினர். 1999இல் வெளிவந்த சிபிஸ்-2 ஆய்வில், பிசோப்ரோலோல் பெற்ற இதயச் செயலிழப்பு நோயாளரின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஓயாமல் தூண்டப்படும் இதயம் விரைவில் நலிகிறது என்பதும், அத்தூண்டலிலிருந்து காப்பது அதற்கு நன்மை தரும் என்பதும் இதனால் உறுதியாயின. ஆயினும் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுதல் வேண்டும்.

வேறு துறைகளில் இதன் இடம் சுருங்கியுள்ளது. 2002இல் வெளிவந்த லைஃப் ஆய்வில், அட்டெனோலோல் பெற்றோரைவிட லோசார்ட்டான் பெற்றோர்க்குப் பக்கவாதம் குறைவாக ஏற்பட்டது. வேறு காரணமின்றி இரத்த அழுத்தத்திற்கு மட்டும் இதனை முதல் மருந்தாகத் தருவது அதன்பின் குறைந்தது. இதயத்தின் இயங்குதிறன் குன்றாத மாரடைப்பு நோயாளர்க்கு இதனால் பயன் இல்லை என்பது 2024இல் வெளியான ரெட்யூஸ் ஆய்வின் முடிவு. 2025இல் வெளிவந்த ஆய்வுகளோ தம்முள் ஒத்துப்போகவில்லை.

தைராய்டு மிகைச் சுரப்பின் படபடப்பு, கைநடுக்கம், ஒற்றைத் தலைவலித் தடுப்பு ஆகியவற்றிற்கு ப்ரோப்ரானோலோலும், கண் அழுத்த நோய்க்கு டிமோலோல் சொட்டு மருந்தும் பயன்படுகின்றன. சம்சு முதலிய மதுவால் கல்லீரல் இறுகியவர்க்கு, உணவுக்குழாயில் புடைத்த நாளங்களிலிருந்து குருதி பெருகுவதைத் தடுக்கவும் ப்ரோப்ரானோலோல் அல்லது கார்வெடிலோல் தரப்படுவதுண்டு. ஆகவே, ஒரே மாத்திரையை உண்ணும் இருவர் ஒரே நோயாளர் அல்லர்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, இம்மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. இருக்கைகள் நெடுநாள் அடைபட்டிருக்கும்போது உயிரணு புதிய இருக்கைகளை உண்டாக்கிக்கொள்கிறது. மருந்து நின்றவுடன் அட்ரினலினுக்கு முன்னிலும் மிகுதியான இருக்கைகள் கிடைக்கின்றன. இதன் விளைவாக நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட நேரலாம். "உடம்பு தேறிவிட்டது" என்று மருந்தை நிறுத்துபவர் இதனை அறிதல் வேண்டும். நிறுத்த நேர்ந்தால் மருத்துவரே அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

இரண்டாவது, பிறருக்குக் கொடுத்தலாகாது. பக்கத்து வீட்டார்க்கும் இரத்த அழுத்தம்தானே என்று கொடுக்கும் மாத்திரை, அவர் ஆஸ்துமா உடையவராயின் மூச்சையே அடைத்துவிடக்கூடும். இயல்பிலேயே நாடித்துடிப்பு மிகக் குறைந்தவர்க்கும் இது தீங்கு தரும்.

மூன்றாவது நீரிழிவு நோயாளர்க்கு உரியது. இன்சுலினாலோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளாலோ இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும்போது, படபடப்பும் நடுக்கமும் முன்னறிவிப்பாகத் தோன்றும். அவையும் அட்ரினலினின் வேலையே. ஆதலால் பீட்டா தடுப்பி, அதிலும் இருவகை ஏற்பிகளையும் தடுப்பது, அவற்றை மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் மறையாது. தைப்பூச நோன்பு நாள்களில் உணவைக் குறைக்கும் நீரிழிவு நோயாளர், காரணமின்றி வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைச் சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று எச்சரிக்கைகளும் இருக்கை பற்றிய ஒரே விளக்கத்திலிருந்து பெறப்பட்டவை என்பது கருதத்தக்கது. அக்காலத் தோட்டத்தில் 'டிரஸர்' என அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர் பெரும்பாலும் தமிழில் பேசக்கூடியவராக இருந்தார். இன்று நகர மருந்தகங்களில் விளக்கம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகிறது. தமிழ் மட்டும் சரளமாக அறிந்த முதியவர்க்கு அதனைத் தமிழில் எடுத்துரைப்பவர் வீட்டுப் பிள்ளைகளே. 2001இல் தோன்றி, இன்று பீடோங்கை அடுத்த செமிலிங்கில் அமைந்துள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் மருந்தியலும் கற்பிக்கப்படுகின்றன. அத்தகைய அறிவு அண்டை வீடுகளுக்குச் சென்று சேர நல்ல தமிழ் விளக்கம் தேவை. ஏற்பி, தடுப்பி, சுரப்பு ஆகிய சொற்களைத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் பொருளுணர்த்திக் கற்பித்தால், தாத்தாவின் மாத்திரை உறையைக் கையிலெடுக்கும் மாணவர் வேளையோடு காரணத்தையும் சொல்ல வல்லவராவார். இப்பணியைத் தமிழாசிரியர் மேற்கொள்வாராயின், அது மொழிப்பணியாக மட்டுமன்றி உயிர்காக்கும் பணியாகவும் அமையும்.