பல் முளைக்கும் இரவுகள்

கீழ்த்தாடையின் நடுவில் அரிசி முனைபோல முதல் பல் தலைகாட்டுவதற்குச் சில நாள் முன்பே குழந்தையின் தூக்கம் கெடத் தொடங்கிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஆறாவது மாதத்தை ஒட்டி வருகிறது. நான்கில் வந்தாலும், பன்னிரண்டு வரை தள்ளிப்போனாலும் கவலை இல்லை.

பல் ஈறைக் குத்திக் கிழித்துக்கொண்டு வருவதாகவே பலரும் எண்ணுகிறோம். நடப்பது அதைவிட நுட்பமானது. வளரும் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் வேதிச் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கின்றன. மேலே இருக்கும் எலும்பு கரைந்து வழி திறக்கிறது. பிறகு ஈறின் திசுவும் மெலிந்து விலகுகிறது. இந்த வேலையின்போது உண்டாகும் அழற்சிதான் ஈறைச் சிவக்க வைக்கிறது, வீங்க வைக்கிறது, நோகவும் வைக்கிறது.

குழந்தை இரவில் ஏன் அதிகம் அழுகிறது? பகலில் மனதைத் திருப்ப ஆயிரம் வேடிக்கை உண்டு. இருட்டில் வலி மட்டுமே துணை. இன்னொரு தகவலும் சுவையானது. சற்றுப் பெரிய பிள்ளைகளின் நிலைப்பற்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்ரான் கணக்கில் அளந்தபோது, முன்னிரவு தொடங்கி நள்ளிரவை ஒட்டிய நேரம் வரைதான் அவை முக்கியமாக மேலெழுந்தன.

ஆற்றும் வழி எளியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய விரலால் ஈறை ஓரிரு நிமிடம் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். முழங்கை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துக்கொள்கிறோம் அல்லவா, அதே தத்துவம்தான். தொடுதலையும் அழுத்தத்தையும் சொல்லும் நரம்புச் செய்தி, வலிச் செய்தி தண்டுவடத்தைக் கடந்து மேலே போவதைத் தடுக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இருவரும் 1965-இல் விளக்கினார்கள். குளிர்ச்சியும் உதவும். சுத்தமான ஈரத்துணியையோ கெட்டி ரப்பர் வளையத்தையோ ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஃப்ரீசரில் உறைந்தது வேண்டாம், மென்மையான ஈறு புண்ணாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மார்பைவிடச் சிறந்த மருந்தில்லை. இதற்கும் அடங்காத வலி என்றால், மருத்துவர் எடைக்கேற்பச் சொல்லும் அளவில் பாராசிட்டமால்.

கழுத்தில் பாசிமணி, கையில் வசம்பு வளையல் என்று கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மணி கழன்றால் தொண்டையில் அடைக்கும், கயிறு தூக்கத்தில் இறுக்கும். ஈறில் தேன் தடவுவதும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன், பாட்யூலிசம் என்ற கடும் நோயைக் கொண்டுவரக்கூடும்.

மரத்துப்போகச் செய்யும் ஜெல்களை நாடாதீர்கள். பென்சோகெயின் கலந்தவை, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குலைக்கக்கூடும் என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பல் முளைப்புக்கான மருந்துகளின் வரலாறே துயரமானது. பிரிட்டனில் 1954 வரை விற்ற பல்முளைப்புப் பொடிகளில் பாதரசம் இருந்தது. கைகால் சிவந்து, வேதனையில் துடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். நைஜீரியாவில் 2008-09-இல் நச்சு கலந்த ஒரு பல்முளைப்பு சிரப் 84 குழந்தைகளைப் பலிகொண்டது.

கடைசியாக, ‘பல்லு வர்ற காய்ச்சல், பல்லு வர்ற பேதி’ என்ற பேச்சு. பல் முளைப்பால் உடம்புச் சூடு சிறிதளவு கூடலாம். காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்குப் போகாது என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மாவிடமிருந்து கருவில் பெற்ற நோய் எதிர்ப்பொருள்கள் குறைவதும், கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதும் இதே ஆறாம் மாதத்தில்தான். அதனால் வரும் தொற்றின் பழியைப் பல் சுமக்கிறது. தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, வயிற்றுப்போக்கு இருந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, பல்லுக்காகத்தான் என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.