மழையும் மூடுபனியும் ட்ரோனும்

மாணவர்களே, அட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளை இலங்கையில் மிகக் கூடிய மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். இப்பகுதியில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் ட்ரோன் பறக்கவிடுவது ஏன் ஆபத்தானது என நோக்குவோம்.

1. குறுஞ்சுற்று
தூய நீர் மின்னை அரிதாகவே கடத்தும். ஆயினும் மழைநீரில் வளியிலுள்ள வாயுக்களும் தூசும் கரைந்திருப்பதால் அதில் அயன்கள் உண்டு. சாதாரண ட்ரோன்களிற் பெரும்பாலானவை நீர் புகாதவாறு அமைக்கப்பட்டவை அல்ல. காற்றுத் துவாரங்களூடாக நீர் உட்சென்றால் குறுஞ்சுற்று ஏற்படும். நான்கு மோட்டர்களுள் ஒன்று நின்றாலும் ட்ரோன் பொதுவாகச் சமநிலை இழந்து விழும். கீழே கொழுந்து பறிப்போர் நின்றால் காயமடைவர்.

2. மூடுபனி
மழை பெய்யவில்லை என்பதால் ஆபத்தில்லை என எண்ண வேண்டாம். மூடுபனி என்பதும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமே. அது கமராவிலும் உணரிகளிலும் படியும்; ட்ரோனையும் பார்வையிலிருந்து மறைக்கும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளின்படி ட்ரோன் எப்போதும் இயக்குபவரின் பார்வைக்குள் இருத்தல் வேண்டும்.

3. ஒடுக்கம்
குளிர்ந்த வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும்போது, அறை வளியிலுள்ள நீராவி ட்ரோனின் உட்பகுதியிலும் ஒடுங்கலாம்.

நனைந்துவிட்டால் செய்ய வேண்டியவை
• உடனே தரையிறக்கி ஆளியை நிறுத்துக.
• மின்கலத்தைக் கழற்றுக.
• ட்ரோனை நிழலில் நன்கு உலரவிடுக.
• நீர் புகுந்த இலிதியம் மின்கலத்தை மின்னேற்ற வேண்டாம், அது தீப்பற்றக்கூடும்.

பயிற்சி வினா: மழையில்லாத, மூடுபனி நிறைந்த காலையில் ட்ரோனுக்கு நேரக்கூடிய தீங்குகள் இரண்டைக் காரணத்துடன் எழுதுக.