சந்தைக்குப் போகும் முன் ஒரு கதை

வெள்ளிக்கிழமை வேப்பூரில் ஆட்டுச் சந்தை கூடும். அன்று ஏன் இத்தனை கூட்டம், ஏன் இந்தச் சத்தம், இது எப்போது ஓயும் என்று குழந்தைகளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அது அப்படிப் பிடிபடுவதில்லை. கத்துகிறான், தரையில் புரள்கிறான் என்று நாம் குறை சொல்லும் பல தருணங்களில் அவனிடம் இல்லாதது தகவல்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பள்ளிகளில் பணியாற்றிய கேரல் கிரே, இந்தக் குறையை எழுத்தில் நிரப்ப 1990களின் தொடக்கத்தில் ‘சமூகக் கதை’ என்ற முறையை உருவாக்கினார்.

கதை என்றாலும் இதில் ராஜா ராணி கிடையாது. நம் சந்தைக்கு ஒன்று எழுதினால் இப்படி இருக்கும்: “வெள்ளிக்கிழமை வேப்பூரில் ஆட்டுச் சந்தை. ஆடு வாங்கவும் விற்கவும் நிறையப் பேர் வருவார்கள். வழக்கமாகச் சத்தம் அதிகமாக இருக்கும். சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அப்போது நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்; அம்மா கையைப் பிடித்துக்கொள்ளலாம்.” முதல் நான்கு வரிகளும் நடப்பதையும் பிறர் மனதையும் சொல்கின்றன, செய்யத்தக்கது கடைசி வரியில்தான் வருகிறது, அதுவும் ‘லாம்’ போட்டு. ஒரு வழிகாட்டும் வாக்கியத்துக்குக் குறைந்தது இரண்டு விளக்க வாக்கியங்களாவது வேண்டும் என்பது கிரேயின் விதி. ‘வழக்கமாக’ என்ற சொல்லும் வெறும் அலங்காரமில்லை. எழுதியதை அப்படியே நம்பும் குழந்தைக்கு, சந்தை களையிழந்த ஒரு வெள்ளிக்கிழமை கதையையே பொய்யாக்கிவிடும். எழுதும் கதைகளில் பாதியாவது, குழந்தை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்ட வேண்டும் என்றும் கிரே சொல்கிறார். நம் வகுப்பறைகளில் முதலில் கைவிடப்படுவது இந்த விதியாகத்தான் இருக்கும்.

பஞ்சதந்திரம் இருக்கும் நாட்டில் இது எதற்கு என்று கேட்கலாம். நீதிக்கதை தன் பொருளை ஒளித்துவைத்துச் சொல்கிறது. நரி வடைக்காகத்தான் காக்கையைப் புகழ்கிறது என்பதைக் கேட்பவர் தாமாக ஊகிக்க வேண்டும். 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹனும் சகாக்களும் நடத்திய பரிசோதனையில், இன்னொருவர் தவறாக நம்பிக்கொண்டிருப்பதை ஊகிக்க ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேரால் இயலவில்லை. அந்த ஊகத்தையே மூலதனமாக வைத்த கதையால் அவர்களுக்கு என்ன கற்பிக்க முடியும்?

பலன் உண்டா என்ற கேள்வி இன்னும் கடினமானது. இங்கிலாந்தில் 87 பள்ளிகளைச் சேர்ந்த 249 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், பொதுவான சமூகத்திறன் அளவுகோலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வைத்த குறிக்கோளைக் கதை படித்த குழந்தைகள் கூடுதலான முறை எட்டினார்கள். ஒரு கதை ஒரு சூழலுக்குத்தான் உதவும். சந்தைக் கதையைப் படித்தவன் கல்யாண வீட்டிலும் கலகலப்பாகப் பழகுவான் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை. செலவோ ஒரு தாளும் பென்சிலும். வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்கு அலையும் சிறப்பாசிரியருக்கு இது சின்ன விஷயமல்ல.

குழந்தையை மட்டும் மாற்றப் பார்க்கிறீர்களே என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே கேட்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் உண்டு என்று 2012இல் எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. ‘கண்ணைப் பார்த்துப் பேசு’, ‘கையை ஆட்டாதே’ என்று மிரட்டக் கதையைப் பயன்படுத்தினால் அது கதை வேடம் போட்ட பிரம்பு. முறையாக எழுத முனைபவர் முதலில் குழந்தையின் இடத்தில் நின்று பார்த்தாக வேண்டும். அப்போது சில சமயம் கதையே தேவைப்படாது. பள்ளியின் சூழலைக் குழந்தைக்கேற்ப மாற்றித்தரச் சொல்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மதியச் சாப்பாட்டில் தட்டுகள் மோதும் ஒலிதான் தொல்லை என்று தெரிந்தால், அவனைப் பத்து நிமிடம் முன்னதாகச் சாப்பிட அனுப்பிவிடலாம்.