ஏழு வாசகங்களின் இரவு

சென்ற வாரம் தவக்காலத்தின் மூன்று பெரிய நற்செய்திகளைப் பார்த்தோம்: சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர். மூன்றும் திருமுழுக்குப் பெறக் காத்திருப்பவர்களை மனத்தில் வைத்து அடுக்கப்பட்டவை. அவர்கள் காத்திருந்த இரவுக்கு இந்த வாரம் வந்து சேர்கிறோம்.

புனித சனி இரவு, பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. பிறகு பவுலின் உரோமையர் திருமுகம், அதன்பின் நற்செய்தி. ஆக ஒன்பது. ஞாயிறுகளில் மூன்று வாசகங்களுக்குப் பழகிய காதுக்கு இது பெரிய விருந்து. ஆனால் நம் பங்குகள் பலவற்றில் பழைய ஏற்பாடு மூன்றோடு முடிந்துவிடுகிறது. தேவை ஏற்பட்டால் மூன்றாகக் குறைக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. தேவைக்குக் கொடுத்த சலுகை வழக்கமாகவே ஆகிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

இந்த இரவு நமக்கு எளிதில் திரும்பக் கிடைத்ததல்ல. பல நூற்றாண்டுகளாக இச்சடங்கு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. வெயில் ஏறிய பொழுதில், சிலர் மட்டுமே கூடிய கோயிலில், இருளை வென்ற இரவைப் புகழ்ந்து பாடினார்கள். பன்னிரண்டு வாசகங்கள் இலத்தீனில் ஓடின. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் சோதனை முறையில் இதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். 1955-இல் அதை நிலையாக்கினார். வாசகங்கள் நான்காகக் குறைந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தம் அவற்றை ஏழாக்கியது. விவிலியம் என்னும் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று சங்கம் 1963-இல் கேட்டதன் பயன் அது.

ஏழையும் தொடர்ந்து கேட்டால் ஊடே தண்ணீர் ஓடுவது தெரியும். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் நீர்த்திரளின்மேல் கடவுளின் ஆவி அசைகிறது, நீர் பிரிகிறது, உலர்ந்த தரை வெளிப்படுகிறது. விடுதலைப் பயணம் 14-இல் இரவெல்லாம் காற்று வீசுகிறது. மறுபடியும் நீர் பிரிகிறது. மறுபடியும் உலர்ந்த தரை. அடிமைகள் கரையேறியது இன்னொரு படைப்பு என்று யாரும் விளக்கவே வேண்டாம், அடுத்தடுத்து வாசித்தாலே போதும். எசாயா 54 நோவாவின் வெள்ளத்தை நினைவூட்டுகிறது. 55 தாகமுள்ளவர்களைக் காசில்லாமல் தண்ணீருக்கு அழைக்கிறது. கடவுளின் சொல்லை மண்ணை நனைக்காமல் திரும்பாத மழையாகக் காட்டுகிறது. ஞானத்தின் ஊற்றைக் கைவிட்டாயே என்று பாரூக்கு இஸ்ரயேலிடம் கேட்கிறார். எசேக்கியேலில் தூய நீர் தெளிக்கப்படுகிறது, கல்லான இதயம் எடுக்கப்படுகிறது. உரோமையர் 6 வரும்போது அந்த நீருக்குள் நாமே கிறிஸ்துவோடு இறங்கிப் புதைக்கப்படுகிறோம். அதன்பிறகுதான் திருமுழுக்குத் தண்ணீர் மந்திரிக்கப்படுகிறது. நடுவில் நான்கு வாசகங்களை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே மக்களுக்குத் தெரியாமல் போகிறது.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் செல்லும் இரண்டாம் வாசகத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. கடற்கரை மணலைப் போல் சந்ததி பெருகும் என்ற வாக்கு மட்டும் உண்டு. சாதாரண நாளில் அந்தப் பகுதி மனத்தைக் கலக்கும். முந்தின நாள்தான் பெரிய வெள்ளி. மகன் விறகைச் சுமந்து மலையேறுகிறான் என்று கேட்கும்போது அந்தக் கலக்கம் சிலுவையோடு சேர்ந்துகொள்கிறது.

செங்கடல் வாசகத்தை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்பது விதி. சரியான விதி. ஆனால் கரையில் எகிப்தியரின் பிணங்கள் கிடந்ததாகவும் அதே வாசகம் சொல்கிறது. அடுத்த நொடி நாம் வெற்றிப் பாடல் பாடுகிறோம். யூதர்களின் தால்மூதில் ஒரு மரபு உண்டு: அன்று பாட முயன்ற வானதூதர்களைக் கடவுள் தடுத்தாராம், என் கைப்படைப்புகள் கடலில் மூழ்கும்போது பாட்டா என்று கேட்டாராம். பாடும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

நான் பார்த்தவரை அடிக்கடி விடுபடுவது பாரூக்கு. விண்மீன்கள் தம்மை அழைத்தவருக்கு 'இதோ' என்று மறுமொழி சொல்லி மகிழ்ந்து ஒளிர்வதாக வரும் பகுதி அது. மைதானத்தில் திருவிழிப்பு நடத்தும் ஊர்களில்கூட அதை ஒதுக்கிவிடுகிறார்களே!

பெரிய வியாழனன்று மௌனமான மணி, கடைசிப் பழைய ஏற்பாட்டு வாசகம் முடிந்து வானவர் கீதம் எழும்போதுதான் மீண்டும் ஒலிக்கிறது. நீண்ட வரலாற்றைக் கேட்டபின் ஒலிக்க வேண்டிய மணி அது. புனித அகுஸ்தினார் 387-இல் மிலானில் இத்தகைய ஓர் இரவில்தான் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் திருமுழுக்குக்குக் காத்திருந்தவர்கள் விடிய விடிய வாசகம் கேட்டார்கள்.

நாம் விடிய விடியக் கேட்க வேண்டாம். ஏழையும் வாசிக்கக் கூடுதலாக ஆவது அதிகம் போனால் அரை மணி நேரம். பங்குத்தந்தையர்களே, பங்குப் பேரவையினரே, வரும் புனித சனிக்கு ஏழு வாசகர்களை இப்போதே தேர்ந்தெடுங்கள். பகுதியை முன்கூட்டியே கையில் கொடுத்து, உரக்க வாசித்துப் பழகச் சொல்லுங்கள். மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

(அடுத்த வாரம்: பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் ஏன் திருத்தூதர் பணிகளிலிருந்து வருகிறது?)