காலையும் இடுப்பையும் அளக்கும் வாய்களுக்குச் சட்டம் உண்டு

2021 மார்ச்சில் தேர்தல் பிரசாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது. கோவை தொண்டாமுத்தூர் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் கார்த்திகேய சிவசேனாபதிக்கு வாக்குக் கேட்டு வந்த பட்டிமன்றப் பேச்சாளர் திண்டுக்கல் லியோனி, நாட்டு மாட்டையும் சீமை மாட்டையும் ஒப்பிட்டுப் பேசினார். வேட்பாளரோ காங்கயம் மாடுகளுக்காகப் பாடுபடுகிறவர், பேச்சு பொருத்தம்தான். ஆனால் அது பாலிலிருந்து பெண்களின் இடுப்புக்குத் தாவியது. அந்தக் காலத்தில் எட்டு போல இருந்த இடுப்பு, சீமைமாட்டுப் பால் குடித்து பேரல் போல ஆகிவிட்டதாம். காணொளி பரவியதும் அதே கட்சியின் கனிமொழியே கண்டித்தார். தேர்தல் முடிந்தது, பேச்சும் மறந்துபோனது. ஜூலையில் லியோனி தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவரானார்.

மைக்கில் பேசியதால் அது வெளியே வந்தது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் துணிக்கடையிலும் பேசப்படுவது வெளியே வருவதில்லை. "ஏனம்மிணி, காலு ரெண்டும் தூணாட்டம் ஆயிருச்சு?" என்று மேஸ்திரி கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஸ்பின்னிங்கில் ஷிப்ட் முழுக்க நின்றும் நடந்தும் வேலை பார்த்தால் சாயங்காலம் கால் வீங்கும். வருடக்கணக்கில் நிற்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் கூடும். அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம், சிரிக்கிற விஷயமல்ல. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. கோவை கிராஸ்கட் ரோட்டில் புடவை எடுக்கப் போனால், எடுத்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

"நல்லா இருக்குன்னுதானுங்க சொன்னேன், வஞ்சனா?" என்பது வழக்கமான சமாளிப்பு. கேரள மின்வாரிய ஊழியர் ஒருவர் இதையே உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார். கூட வேலை பார்த்த பெண்ணிடம் உடல்வாகு அழகாக இருக்கிறது என்றதும், ஆபாசமாகச் செய்தி அனுப்பியதும் அவர்மீதான புகார். உடலமைப்பைப் புகழ்ந்தது பாலியல் பேச்சாகாது, வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்டார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. முதல் பார்வைக்கே குற்றம் தெரிகிறது என்றது. புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது சொன்னவர் தீர்மானிக்கிற சங்கதியல்ல.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், இப்படிப்பட்ட பாலியல் பேச்சு பற்றிய புகாரை விசாரிக்க அங்கே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுவே இல்லாத கம்பெனிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். சின்னப் பட்டறை, சின்னக் கடை என்றாலோ, முதலாளிமீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கேட்டவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

தெருவில், பஸ்ஸில் நடந்தால் காவல் நிலையம். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் பேசுவதும் சைகை செய்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவில் குற்றம். தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக 1998 முதல் தனிச் சட்டமும் உண்டு. 2025இல் அதன் தண்டனை கூட்டப்பட்டது. இன்ஸ்டாகிராமில் போட்டோ போட்டுக் கேலி செய்தால் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம்.

வீட்டுக்குள் நடப்பதுதான் பேசப்படாமலே போகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் நடந்து காட்டு கண்ணு" என்று காலைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் இன்னும் முழுக்க ஒழியவில்லை. அங்கே பெற்றோர் வாயைத் திறந்தால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு கணவனோ மாமியாரோ உடம்பைச் சொல்லிச் சொல்லி அவமானப்படுத்தினால், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அதையும் வன்முறை என்றே சொல்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். பெண்கள் உதவி எண்ணான 181க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அதற்கான எண் 15100.