காமிராவும் பேனாவும் சோறு போட்ட கதை

பெல்லாரிப் பக்கத்தில் சந்தூர் என்றொரு சிறு சமஸ்தானம் இருந்தது. 1949-ல் அது இந்தியாவோடு இணைந்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று அங்கே பல வேலைகளைப் பார்த்திருந்த மா. கிருஷ்ணனுக்கு அப்போது வயது 37. தாவரவியல் படித்தவர், சட்டமும் முடித்தவர். சென்னைக்குத் திரும்பியவர், இயற்கையைப் பற்றி எழுதியும் படமெடுத்துமே குடும்பத்தை நடத்துவது என்று துணிந்து இறங்கினார். காட்டு விலங்கு பற்றிய எழுத்து என்றாலே பெரும்பாலும் வேட்டைக் கதை என்றிருந்த காலம் அது.

எழுத்து அவருக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி அவர். ஆனால் 1925-ல் தந்தை இறந்தபோது பையனுக்கு வயது 13. பிழைப்பை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

1950-ல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்த அந்தப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை 46 ஆண்டுகள் ஓடியது. கணக்குப் போட்டால் கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டும். புலியையும் யானையையும் மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது. வீட்டு வாசலில் திரியும் அணில், காகம், மைனா, ஓணான் எல்லாமே அவருக்கு எழுதும் பொருள்கள். தெரு நாயும் கழுதையும்கூட இடம் பிடித்தன. காட்டுக்குப் போகக் காசில்லாத மாதத்திலும் பத்தி நிற்காது என்பது இதிலிருந்த பெரிய வசதி. பக்கத்தில் இருப்பதையே பார்க்கத் தெரிந்தவருக்குச் சரக்கு தீர்வதில்லை.

பத்திக்குப் படம் வரையவும் அவர் ஆள் தேடவில்லை, தானே வரைந்தார். அன்றைய நாளிதழ்த் தாளில் புகைப்படம் மங்கிப்போகும், பேனாவால் வரைந்த கோடு பளிச்சென்று விழும். எழுத்து, கோட்டோவியம், புகைப்படம் என மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது எந்த ஆசிரியருக்கும் லாபம்தானே?

புகைப்படத்தில் அவர் கடைசிவரை கறுப்பு வெள்ளையை விடவில்லை. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேறெங்கோ கிடைத்த பாகங்கள் என்று தானே பூட்டிச் சேர்த்த கனத்த காமிரா ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார்.

முதுமலையில் அவர் படமெடுத்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வனத்துறையின் பழக்கிய யானை மீதேறிக் காட்டுக்குள் போவார். நடந்து போகும் மனிதனின் வாடை பட்டாலே காட்டெருமையும் காட்டு யானையும் கலைந்துவிடும். யானை வாடையோடு சேர்ந்து வரும் மனிதனை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் யானை சும்மா நிற்கிற பிராணி அல்ல; காதை ஆட்டும், கால் மாற்றி நிற்கும், மூச்சு விட்டாலே மேலே இருப்பவர் அசைவார். மரநிழலில் வெளிச்சமோ குறைவு, அன்றைய ஃபிலிமோ மந்தம். ஷட்டரைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் படம் கலங்கிவிடும். யானையின் இரண்டு அசைவுகளுக்கு இடையே கிடைக்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து அமுக்க வேண்டும். மிருகம் அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் இது சாத்தியம். எழுதுவதற்காக ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்து வைத்தது, ஷட்டரை அமுக்கும் நேரத்தில் கைகொடுத்தது. படத்தில் பதிந்த கொம்பின் வளைவும் காதின் விரிப்பும் பிறகு கட்டுரைக்குச் சான்றாயின. எழுத்தையும் படத்தையும் இரண்டு தொழில்களாகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குக் கிருஷ்ணனின் வெற்றி விளங்காது.

பெரிய அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. 1968-ல், 56-வது வயதில், ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைக் கள ஆய்வு செய்தார்; அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளும் பத்தி, பத்திரிகைக் கட்டுரை, படம், புத்தகம் என்று பல வாய்க்கால்களில் சிறுகச் சிறுக வந்த வருமானம்தான். முழுநேரக் கலைஞராக வாழ நினைக்கும் இளைஞர்களிடம் விருதுகளைவிட இந்த இருபது ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

ஆங்கிலத்தில் பெயர் எடுத்தவர் தமிழையும் விடவில்லை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த ‘கலைக்களஞ்சிய’த்துக்குப் பறவைகள், விலங்குகள் பற்றி எழுதினார். ‘கதிரேசச் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் உண்டு. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். காமிரா வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் எவரும் அதுவரை காத்திருக்காமல் அந்த நூலிலிருந்தே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.