வழக்கு நடக்கும்போது காகிதம் கேட்கலாமா?

ஒரு குடியானவர். அவருக்கு ஒரே ஒரு ஏக்கர் நிலம். “அந்த நிலம் என்னுடையது” என்கிறார் பக்கத்து நிலக்காரர். பட்டாவும் அவர் பெயருக்கு மாறி இருக்கிறது! வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது.

பட்டா எப்படி மாறியது? உத்தரவு போட்டவர் யார்? அந்த விவரம் தாலுகா அலுவலகக் கோப்பில் இருக்கிறது. குடியானவர் போய்க் கேட்கிறார்.

“வழக்கு நடக்கிறதே! கோர்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் சரிதானா? நிலத்தையே நம்பி இருக்கும் குடும்பம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலப் புத்தகம்

சர்க்கார் காகிதத்தைக் கேட்டு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது.

1971-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில், உத்தரப் பிரதேசத்தில் உள்ள ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி வெற்றி பெற்றார். தோற்றவர் ராஜ் நாராயண். “சர்க்கார் அதிகாரிகளைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இந்தத் தேர்தல் செல்லாது” என்று அவர் அலகாபாத் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

பிரதமர் சுற்றுப்பயணம் செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகள் ஒரு புத்தகத்தில் இருந்தன. அதற்கு “நீலப் புத்தகம்” என்று பெயர். அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் ராஜ் நாராயண்.

“அது ரகசியம். காட்ட முடியாது” என்றது மாநில சர்க்கார்.

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1975-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. சர்க்கார் ரகசியம் என்று சொன்னால் மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் நீதிபதியே அந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கெடுதல் இல்லாத பகுதியை வெளியிடச் சொல்லலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அந்த வழியில் மறுபடியும் ஆராயும்படி வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்பியது. சர்க்கார் ஊழியர்கள் பொது வேலையில் செய்வதை எல்லாம் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி மேத்யூ எழுதினார்.

அதே ஆண்டு ஜூன் 12-ந் தேதி, இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பிறகு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. நவம்பர் 7-ந் தேதி, அவருடைய தேர்தல் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆனால் “அறியும் உரிமை” என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

இரண்டு வாசல்கள்

அன்று ராஜ் நாராயணுக்கு இருந்தது ஒரே வாசல். அது கோர்ட்டு வாசல். 2005-ம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இரண்டாவது வாசலும் திறந்தது.

இந்தச் சட்டப்படி சர்க்கார் அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல் முறையீடு உண்டு.

எல்லாவற்றையும் தந்துவிட மாட்டார்கள். நாட்டின் பாதுகாப்பு, பிறருடைய சொந்த விவரம், புலன் விசாரணையைக் கெடுக்கும் விவரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வெளியிடக் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டிருந்தாலும் தர முடியாது. ஆனால், “வழக்கு நடக்கிறது” என்பது மட்டுமே மறுக்கக் காரணம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை!

ஆகவே, நமது குடியானவருக்குக் கிடைத்த பதில் சரியல்ல.

பெட்டியில் உள்ள பத்திரம்

ஆனால், பக்கத்து நிலக்காரரின் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது. அதைத் தகவல் மனு போட்டு வாங்க முடியாது. அந்தச் சட்டம் சர்க்கார் அலுவலகங்களுக்குத்தான்.

அதற்குக் கோர்ட்டு வாசல்தான் வழி. 1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 11-வது கட்டளை இதைச் சொல்கிறது. வழக்கு சம்பந்தமாக என்னென்ன பத்திரங்கள் கைவசம் இருக்கின்றன என்று சத்தியப் பிரமாணம் செய்து சொல்லும்படி எதிராளிக்குக் கோர்ட்டு உத்தரவிடலாம். அவற்றைக் கொண்டுவந்து காட்டும்படியும் சொல்லலாம்.

உத்தரவை மீறினால்? வாதியாக இருந்தால் வழக்கே தள்ளுபடி ஆகலாம். பிரதிவாதியாக இருந்தால் அவருடைய எதிர்வாதமே நீக்கப்படலாம். தகவல் மனுவுக்கு இந்தப் பலம் கிடையாது.

கோர்ட்டுக் கட்டில் உள்ள காகிதம்

வழக்குக் கட்டில் சேர்ந்துவிட்ட காகிதத்துக்கு என்ன செய்வது?

குஜராத் ஐகோர்ட்டு சம்பந்தப்பட்ட வழக்கில், 2020-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி பானுமதி. நகல் வாங்குவதற்கு ஐகோர்ட்டு விதிகளிலேயே வழி இருக்கிறது. அந்த வழியில்தான் கேட்க வேண்டும். தகவல் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது என்பது தீர்ப்பு. வழக்கில் சம்பந்தம் இல்லாதவர் கேட்டால், காரணம் சொல்லி மனுச் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

சர்க்கார் கோப்புக்குத் தகவல் மனு. எதிராளியின் பத்திரத்துக்குக் கோர்ட்டு உத்தரவு. கோர்ட்டுக் கட்டுக்கு நகல் மனு. எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் வக்கீலுடன் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும்.

தகவல் மனு போட்டிருக்கிறோம் என்பதற்காக வழக்கு காத்திருக்காது. ஆகவே, வாய்தா நெருங்கும் வரை பொறுத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மனுவை மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். “எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள்?” என்று கேட்கலாம். காரணத்தை எழுத்தில் தருவது அதிகாரியின் கடமை. மேல் முறையீட்டை எங்கே செய்யலாம் என்பதையும் அவரே எழுதித் தர வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் போதும். குடியானவர் அடுத்த படி ஏறலாம்.